லாரிகள் கைவிட்ட சாலை: மெரிதாவிலிருந்து சலமான்கா வரை சைக்கிளில்

ஸ்பெயினின் மேற்குப் பகுதியில், வடகடலோர ஹிஹோனிலிருந்து தெற்கே செவில்யா வரை நாட்டை நெடுக்காகக் கடந்து செல்லும் பழைய தேசியச் சாலையின் எண் என்-630. அதன் பக்கத்திலேயே ஏ-66 என்னும் நான்குவழி விரைவுச்சாலை போடப்பட்ட பிறகு லாரிகளும் தொலைதூரப் பேருந்துகளும் அவசரக்காரர்களும் அங்கே மாறிக்கொண்டார்கள். நல்ல தாரும் தாராளமான ஓரமும் மிதமான ஏற்றமும் கொண்ட பழைய சாலை இன்று பெரும்பாலான நேரம் ஆளரவமற்றுக் கிடக்கிறது. வெளிநாட்டுக் கிராமப்புறத்தில் முதன்முறையாகப் பல நாள் சைக்கிள் பயணம் போக விரும்புகிறவருக்கு இதைவிடத் தோதான சாலையை நான் பார்த்ததில்லை. ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன் ரோமானியர் மெரிதாவிலிருந்து வடக்கே அஸ்தோர்கா நகருக்குப் போட்ட சாலையும் ஏறக்குறைய இதே தடத்தில்தான் சென்றது. ஆகவே பழஞ்சின்னங்களைப் பார்ப்பதற்காக வழியை விட்டு வெகுதூரம் விலக வேண்டியதில்லை. அவை சாலையோரத்திலேயே நிற்கின்றன.

இத்தடத்துக்கு ஸ்பானியர் இட்ட பெயர் 'வியா தே லா பிளாத்தா'. பிளாத்தா என்றால் வெள்ளி. ஆனால் வெள்ளிக்கும் இச்சாலைக்கும் தொடர்பில்லை என்றும், கல் பாவிய சாலையைக் குறிக்கும் 'பலாத்' என்ற அரபுச் சொல்லே காதில் திரிந்து பிளாத்தா ஆயிற்று என்றும் ஆய்வாளர் பலர் கருதுகிறார்கள்.

மெரிதாவிலிருந்து சலமான்கா வரை சாலைக் கணக்கில் சுமார் 280 கி.மீ.; ஊர்களுக்குள் விலகிச் செல்லும் தூரத்தையும் சேர்த்தால் 300 கி.மீ. என்று வைத்துக்கொள்ளலாம். சமதளத்தில் இளைப்பாறி இளைப்பாறி 40 கி.மீ. ஓட்டக்கூடிய எவரும் ஏழு நாளில் இதை முடிக்கலாம். அனுபவசாலிகள் நான்கு நாளில் முடிக்கிறார்கள், ஆனால் அவர்கள் பார்த்ததைவிடப் பார்க்காமல் விட்டதே அதிகம். தூரத்தைப் பற்றி முதலில் கவலைப்பட வேண்டாம். இந்தப் பயணத்தில் புதியவர்களை அவதிக்குள்ளாக்குபவை கடிகாரமும் தண்ணீரும்தான். திட்டமிடும்போது அவ்விரண்டையும் முன்னால் வைத்துக்கொண்டு, கிலோமீட்டரைப் பின்னால் வைத்துக்கொள்வது நல்லது.

எந்த மாதம், எந்தத் திசை

சாலையின் பெரும்பகுதி எஸ்த்ரமதுரா என்னும் மாநிலத்தில் அமைந்திருக்கிறது. ஜூலையிலும் ஆகஸ்டிலும் அங்கே வெப்பம் 40 டிகிரியைத் தாண்டுவது வழக்கம். நம் ஊர் வெயிலைப் பார்த்தவருக்கு அது என்ன பெரிதா என்று தோன்றலாம். நம் கடலோரத்து வெயிலில் வியர்வை வழிந்து உடலே எச்சரித்துவிடும். அங்கே காற்று உலர்ந்தது, வியர்வை தோன்றிய கணமே காய்ந்துவிடுவதால் உடலிலிருந்து நீர் போவது தெரியாது, தலை சுற்றும்போதுதான் தெரியும். எனவே ஏப்ரல் தொடக்கம் முதல் மே நடுப்பகுதி வரையிலோ, செப்டம்பர் கடைசி வாரம் முதல் அக்டோபர் முடியும் வரையிலோ செல்வதே முறை. வசந்த காலத்தில் புல்வெளி முழுதும் பூத்திருக்கும். நாரைகள் கூடுகளில் குஞ்சு பொரித்திருக்கும். இலையுதிர் காலத்தில் ஓக் மரங்களிலிருந்து கொட்டைகள் உதிரத் தொடங்கியிருக்கும். அவற்றைத் தின்று கொழுக்கக் கரும்பன்றிகளை மரங்களுக்கிடையே மேய விட்டிருப்பார்கள். இரண்டில் ஒன்றைச் சொல் என்றால் வசந்தத்தையே சொல்வேன், பகல் நீளம் என்பதற்காக.

தெற்கிலிருந்து வடக்கே போவது மொத்தத்தில் ஏறுமுகம்: மெரிதா கடல்மட்டத்திலிருந்து 200 மீட்டருக்குச் சற்று மேல், சலமான்கா சுமார் 800 மீட்டர், இடையில் வரும் பேஹார் கணவாய் அதற்கும் மேல். இருந்தும் இத்திசையையே பரிந்துரைக்கிறேன். வெயில் முகத்தில் அடிக்காமல் முதுகுப் பக்கம் இருக்கும். ஒரே பெரிய ஏற்றம் ஆறாம் நாளில்தான் வரும், அதற்குள் கால்கள் பழகிவிடும்.

சைக்கிளும் சாமான்களும்

பந்தயச் சைக்கிளின் மெல்லிய டயர் வேண்டாம். 28 முதல் 32 மி.மீ. அகலமுள்ள டயர் தாருக்கும் போதும், பழைய நகரங்களின் கருங்கல் பாவிய சந்துகளுக்கும் தாங்கும். பின்சக்கரத்தில் பெரிய பல்சக்கரம் ஒன்று, குறைந்தது 32 பல்லாவது, இருக்கட்டும். முதுகில் பை மாட்டிக்கொண்டு ஓட்டினால் மூன்றாம் நாள் தோள்பட்டை பேசத் தொடங்கும். கேரியரின் இருபுறமும் தொங்கும் பைகளில் சுமையை வைப்பதே சரி, மொத்தச் சுமை எட்டுக் கிலோவைத் தாண்ட வேண்டியதில்லை. அரை லிட்டர் பாட்டில் இரண்டு போதாது. முக்கால் லிட்டர் பாட்டில் இரண்டைச் சட்டத்தில் மாட்டி, மூன்றாவதொன்றைப் பையில் வையுங்கள்.

மாற்று டியூப் இரண்டு, ஒட்டுப் போடும் பெட்டி, டயர் நெம்பும் பிளாஸ்டிக் துண்டுகள், சிறு பம்பு ஆகியவை கட்டாயம் தேவை. வழியோரச் சிற்றூர்களில் சைக்கிள் கடையை எதிர்பார்க்கக் கூடாது. காசெரெஸ், பிளசென்சியா போன்ற நகரங்களை விட்டால் கிடைப்பது அரிது. அங்கே பஞ்சருக்குப் பேர்போன முள் ஒன்று உண்டு. 'அப்ரோஹோ' என்று அதைத் திட்டிக்கொண்டே டயரிலிருந்து பிடுங்குவார்கள். முதன்முறை என் டயரிலிருந்து எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தபோது அது நம் ஊர்த் தரிசில் காலில் குத்தும் அதே நெருஞ்சி முள்ளாக இருந்தது. செடியும் அதே செடிதான். ஆகையால் ஓய்வெடுக்கும்போது சைக்கிளை மண்ணோரத்துக் காய்ந்த களைகளின் மேல் உருட்டிச் செல்லாதீர்கள். தாரின் விளிம்பிலேயே நிறுத்துங்கள். மரத்தடிக்குப் போக வேண்டுமென்றால் தூக்கிக்கொண்டு போங்கள்.

சைக்கிளை வாடகைக்கு எடுப்பவர்கள் புறப்படுமுன் கவனிக்க வேண்டியது பிரேக். நம் ஊர்ச் சைக்கிள்களில் வலக்கைப் பிடி முன்சக்கரத்துக்கு. ஸ்பெயினில் பொதுவாக இடக்கைப் பிடிதான் முன்சக்கரத்துக்கு. அவசரத்தில் கை தன் பழக்கப்படிதான் இறுக்கும். பின்சக்கரம் என்று நினைத்து இடக்கையை நான் அழுத்த, கைப்பிடிக்கு மேலாகப் பறக்காமல் போனது தற்செயல். காலி இடமொன்றில் பத்து நிமிடம் மெதுவாக ஓட்டி நிறுத்திப் பழகுங்கள், அல்லது வாடகைக் கடையிலேயே கம்பிகளை மாற்றிப் பூட்டித் தரச் சொல்லுங்கள்.

சாலை விதிகள்

வாகனங்கள் வலப்புறம் செல்லும் நாடு அது என்பது எல்லோருக்கும் தெரியும். இருந்தும் காலையில் ஆளில்லாத சாலையில் முதல் மிதி மிதிக்கும்போது சைக்கிள் தானாக இடப்புறம் போய் நிற்கும். எதிரே வண்டி வந்தால் தவறு உடனே புரிந்துவிடும். எதுவும் வராத சாலையில்தான் ஆபத்து. சுற்றுச்சந்திப்பில் போக்குவரத்து நமக்குப் பழகியதற்கு நேர்மாறாகச் சுழலும். இடப்பக்கத்திலிருந்து வருகிறவருக்கு வழிவிட்டு நுழைய வேண்டும்.

ஊர்களுக்கு வெளியே ஹெல்மெட் கட்டாயம். காதில் பாட்டுக் கருவி மாட்டிக்கொள்வதும், ஓட்டியபடி கைபேசியைப் பிடிப்பதும் அபராதத்துக்குரியவை. குடித்துவிட்டு ஓட்டக் கூடாதென்ற சட்டம் சைக்கிளுக்கும் பொருந்தும். இருள் சூழ்ந்தால் விளக்குகளோடு பிரதிபலிக்கும் மேலாடையும் வேண்டும். இருவர் இணையாக ஓட்ட அனுமதி உண்டு. வளைவு மறைக்கும் இடங்களில் ஒருவர் பின் ஒருவராக வந்துவிட வேண்டும். முந்திச் செல்லும் கார், சைக்கிளிலிருந்து குறைந்தது ஒன்றரை மீட்டர் தள்ளிப் போக வேண்டும் என்பது சட்டம். நான் கண்ட மட்டில் அதை அவர்கள் மனதாரப் பின்பற்றுகிறார்கள். முந்த இடமில்லையென்றால் பின்னாலேயே பொறுமையாக, ஹாரன் அடிக்காமல், ஊர்ந்து வருகிறார்கள். முதல் நாள் அந்த மௌனம் நமக்குச் சற்று அச்சமாகக்கூட இருக்கும். அவசர உதவிக்கான எண் 112.

வழிகாட்டிப் பலகைகளில் எழுத்தைவிட நிறத்தைப் பாருங்கள். என்-630-க்கு சிவப்புப் பட்டை, ஏ-66-க்கு நீலப் பட்டை. இரண்டும் அடிக்கடி சந்தித்துப் பிரியும் சுற்றுச்சந்திப்புகளில் நீலத்தைத் தவிர்த்துச் சிவப்பைத் தொடர்ந்தால் வழி தவறாது. கிலோமீட்டர் கற்கள் வடக்கே ஹிஹோனிலிருந்து எண்ணப்படுவதால் நாம் முன்னேற முன்னேற எண் குறைந்துகொண்டே வரும். ரோமானியர் நட்ட மைல்கற்களோ மெரிதாவிலிருந்து எண்ணப்பட்டவை, அவற்றில் எண் கூடிக்கொண்டே போகும்.

கடிகாரம்

ஸ்பெயின் மத்திய ஐரோப்பிய நேரத்தைப் பின்பற்றுகிறது. எஸ்த்ரமதுராவோ அதன் மேற்கெல்லையில், போர்த்துகலை ஒட்டி இருக்கிறது. அதனால் சூரியன் தாமதமாகவே எழும். அக்டோபர் நடுவில் எட்டரை மணியை ஒட்டித்தான். அதிகாலை ஐந்து மணிக்குக் கிளம்பும் நம் வழக்கம் அங்கே செல்லாது. ஏழு, ஏழரைக்கு ஊரின் ஏதாவதொரு பாரில் விளக்கு எரியும். பார் என்றதும் மதுக்கடை என்று நினைக்க வேண்டாம். ஊரின் டீக்கடை, சிற்றுண்டிச்சாலை, செய்தி நிலையம் எல்லாம் அதுவே. பால் கலந்த காப்பியும், வாட்டிய ரொட்டியின் மேல் அரைத்த தக்காளியும் ஒலிவ எண்ணெயும் ஊற்றிய தோஸ்தாதாவும் அங்கே காலை உணவு. உண்டு முடித்து, வெளிச்சம் வந்ததும் கிளம்பி, ஒரு மணிக்குள் அன்றைய ஊரைச் சேர்ந்துவிட வேண்டும்.

ஏனெனில் இரண்டு மணிக்குக் கடைகள் மூடிவிடும், ஐந்து மணி வரை திறக்காது. மதிய உணவு இரண்டு முதல் நான்கு வரை. அதைத் தவறவிட்டால் முழுச் சாப்பாடு இரவு ஒன்பது மணிக்குத்தான். ஞாயிறன்று சிற்றூர்களில் மளிகைக் கடை திறக்காது, சனி மாலையே வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும். அருங்காட்சியகங்கள் பெரும்பாலும் திங்களன்று விடுமுறை. மெரிதாவின் தேசிய ரோமானியக் கலை அருங்காட்சியகமும் அப்படித்தான், ஆகவே திங்களன்று மெரிதாவில் இருக்கும்படி பயணத்தை அமைக்காதீர்கள்.

மெரிதாவில் ஒரு நாள்

மாட்ரிதிலிருந்தோ செவில்யாவிலிருந்தோ ரயிலில் அல்லது பேருந்தில் மெரிதாவுக்கு வரலாம். வட்டார ரயில்களில் சிலவற்றில் சைக்கிளை அப்படியே ஏற்றலாம், ஆனால் இடம் மிகக் குறைவு, முன்பதிவின்போதே சைக்கிளையும் சேர்த்துப் பதிவு செய்ய வேண்டும். அதிவேக, நெடுந்தூர ரயில்களில் பிரித்துப் பையில் கட்டித்தான் கொண்டுபோக முடியும். பேருந்தென்றாலும் பை தேவைப்படும்.

கி.மு. 25-இல், போரிலிருந்து ஓய்வுபெற்ற படைவீரர்களைக் குடியமர்த்த அகஸ்டஸ் பேரரசர் உண்டாக்கிய ஊர் இது. எமெரிதா அகுஸ்தா என்ற அதன் பெயரே ஓய்வுபெற்றோரைச் சுட்டுவது. முழு நாளையும் இங்கே செலவிடுங்கள், சைக்கிள் விடுதியிலேயே இருக்கட்டும். நாடகமேடையும் வட்டரங்கும் பக்கத்துப் பக்கத்தில் உள்ளன. எதிரே ரஃபேல் மொனேயோ வடிவமைத்து 1986-இல் திறந்த அருங்காட்சியகம் இருக்கிறது. உயர்ந்த செங்கல் வளைவுகள் வரிசையாக நிற்கும் அதன் உட்புறத்தில் நுழைந்ததும், ரோமானியர் விட்டுப்போன கட்டடமொன்றுக்குக் கூரை போட்டிருக்கிறார்களோ என்று மயங்குவோம். மாலையில் குவாதியானா ஆற்றின் குறுக்கே சுமார் 790 மீட்டர் நீளத்துக்குக் கிடக்கும் ரோமானியப் பாலத்தில் நடங்கள். இருபதாம் நூற்றாண்டின் கடைசிவரை வாகனங்கள் இதன் மேல் சென்றன. 1991-இல் புதுப்பாலம் வந்த பிறகே நடந்து செல்வோருக்கு மட்டும் விடப்பட்டது.

'அற்புதங்கள்' என்று பொருள்படும் லோஸ் மிலாக்ரோஸ் நீர்ப்பாலத்தை மட்டும் மறுநாள் காலைக்கு ஒதுக்கி வையுங்கள். நகரை விட்டு வடக்கே போகும் வழியில்தான் அது இருக்கிறது. கருங்கல்லும் செங்கல்லும் மாறி மாறி அடுக்கிய தூண்கள் 25 மீட்டர் உயரத்துக்கு எழுந்து, எதையும் சுமக்காமல் நிற்கின்றன. உச்சிகளில் நாரைக்கூடுகள். கீழே நின்றால், அலகை அலகோடு தட்டி நாரைகள் எழுப்பும் ஒலி, மரக்கட்டைகளை யாரோ மேலிருந்து உருட்டுவதுபோல் கேட்கும்.

முதல் இரண்டு நாள்: அல்குவேஸ்கர், காசெரெஸ்

மெரிதாவிலிருந்து காசெரெஸ் சுமார் 75 கி.மீ. ஒரே நாளில் போகலாம், ஆனால் போக வேண்டாம். நடுவழியில் சாலையிலிருந்து சில கி.மீ. விலகினால் அல்குவேஸ்கர் என்ற ஊர், தங்க இடம் உண்டு. ஊருக்குத் தெற்கே ஒலிவத் தோப்புகளுக்கு நடுவில் சாந்தா லூசியா தெல் திராம்பால் என்னும் சிறு கோயில் இருக்கிறது. ரோமானியருக்குப் பின், அராபியர் வருகையை ஒட்டிய காலத்தது. ஒன்றை ஒன்று தொடாத மூன்று சதுரக் கருவறைகள் கொண்டது. மெரிதாவின் பிரம்மாண்டத்துக்குப் பிறகு அந்தச் சிறுமை கண்ணுக்கு இதமாக இருக்கிறது.

மறுநாள் அல்தேயா தெல் கானோ ஊரைச் சுற்றிய வெளிகளில் ரோமானிய மைல்கற்கள் பல இன்றும் நட்டபடி இருக்கின்றன. அவற்றில் ஒன்றின் உடம்பில் சதுரமாக ஒரு குழி வெட்டி, பக்கத்துப் பண்ணைக்கு வரும் கடிதங்களை அதில் வைத்துவிட்டுப் போவார்களாம். கற்கள் இருப்பது நடைபயணிகளின் மண்பாதையில், சைக்கிளைச் சாலையோரம் பூட்டிவிட்டு நடக்க வேண்டும். வால்தேசலோரில் சலோர் ஆற்றின் மேல் சிறியதொரு பழம்பாலம். அங்கிருந்து மெல்லிய ஏற்றம் ஒன்றைக் கடந்தால் காசெரெஸ், முற்பகலிலேயே சேர்ந்துவிடலாம்.

யுனெஸ்கோ 1986-இல் உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்த மதில்சூழ் பழைய நகரத்துக்குள் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே நடங்கள், கற்கள் அப்படி. பிரபுக்களின் கோபுரங்கள் பல மொட்டையாக இருப்பதைக் கவனிக்கலாம். பதினைந்தாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அரியணைக்கான வாரிசுப் போரையொட்டி, அடங்காத பிரபுக்களின் கோபுரங்களை வெட்டிக் குட்டையாக்கும்படி இசபெல் அரசி ஆணையிட்டார். தன் பக்கம் நின்றவருக்கு மட்டும் விலக்கு அளித்தார். நாரைக் கோபுரம் என்று அழைக்கப்படும் அந்த ஒன்று இன்றும் முழு உயரத்தில் நிற்கிறது.

மூன்றாம் நாள்: தண்ணீர் இல்லாத சாலை

காசெரெஸிலிருந்து கான்யாவெரால் 45 கி.மீ. தான். இந்தக் கட்டுரையில் ஒரேயொரு பத்தியை மட்டும் நினைவில் வைப்பதென்றால் இதை வையுங்கள். காசெரெஸ் நகரத்தை விட்டு வெளியேறிய பின் கான்யாவெரால் வரை சாலையின் மேல் ஊர் எதுவும் இல்லை. அதாவது கடை இல்லை, குழாய் இல்லை, பல இடங்களில் நிழலும் இல்லை. வரைபடத்தில் தென்படும் ஊர்ப்பெயர்களெல்லாம் பல கி.மீ. உள்ளே தள்ளியிருப்பவை. பத்து கி.மீ. தாண்டி மேற்கே சற்று விலகியிருக்கும் கசார் தே காசெரெஸ் ஒன்றே விதிவிலக்கு. முதன்முறை நான் காசெரெஸில் சோம்பி, பத்தரை மணிக்கு, ஒன்றரைப் பாட்டில் தண்ணீரோடு கிளம்பினேன். தாஹோ ஆற்றை அடைந்தபோது பாட்டில் காலி. கண்ணுக்கெட்டிய தூரம் நீர்த்தேக்கம் விரிந்து கிடக்கிறது, ஒரு மிடறு குடிக்க வழியில்லை. ஆற்றைக் கடந்ததும் ஏற்றம். கான்யாவெராலின் முதல் பாரில் நுழைந்து நான் எதையும் கேட்குமுன்பே, கவுண்டருக்குப் பின்னால் இருந்த அம்மையார் என் முகத்தைப் பார்த்துவிட்டு ஒரு லிட்டர் கண்ணாடிச் செம்பையும் தம்ளரையும் முன்னால் வைத்தார். நான் மூன்றாம் தம்ளரைக் குடித்து முடிக்கும்வரை என்ன வேண்டும் என்று அவர் கேட்கவேயில்லை.

எனவே வெளிச்சம் வந்ததுமே புறப்படுங்கள். கசார் ஊருக்கு விலகிச் சென்று இரண்டாம் முறை பாட்டில்களை நிரப்புங்கள். ஊர்க் குழாய்களில் 'ஆகுவா பொத்தாப்லே' என்றிருந்தால் குடிக்கலாம். 'நோ பொத்தாப்லே' என்றிருந்தால் தலையில் ஊற்றிக்கொள்ள மட்டும். கசாருக்குப் போக இன்னொரு காரணமும் உண்டு. செம்மறியாட்டுப் பாலில் செய்யும் 'தோர்தா தெல் கசார்' என்னும் பாலாடைக்கட்டி இவ்வூருடையது. மேலோட்டை மூடிபோல் வெட்டி எடுத்தால் உள்ளே கூழாக இருக்கும், ரொட்டியால் வழித்துத் தின்ன வேண்டும். ஐரோப்பியப் பாலாடைக்கட்டிகள் பலவற்றில் பாலை உறைய வைக்கக் கன்றின் வயிற்றிலிருந்து எடுத்த பொருளைச் சேர்ப்பார்கள். இதில் சேர்ப்பது காட்டு முட்செடி ஒன்றின் பூ. சைவர்களும் தயங்காமல் உண்ணலாம்.

தாஹோவைக் கடக்கும் இடத்தில் நீரை உற்றுப் பாருங்கள். அல்கான்தரா அணை கட்டப்பட்டபோது மூழ்கிப்போன கோட்டையொன்றின் கோபுரம் தேக்கத்துக்கு நடுவே தலையை நீட்டிக்கொண்டிருக்கும். அருகே ஆற்றைக் கடந்த அல்கோனேதர் ரோமானியப் பாலத்தின் மிச்சங்களை, நீர் உயருமுன் கல் கல்லாகப் பிரித்து மேட்டில் கொண்டுவந்து அடுக்கியிருக்கிறார்கள். எதன் மேலும் செல்லாத பாலம், சாலையிலிருந்தே தெரியும்.

பிளசென்சியா, எர்வாஸ்

நான்காம் நாள் கான்யாவெராலுக்கு அப்பால் குன்றொன்றின் மேல் ஏறி இறங்கி, தக்கை மரங்களுக்கிடையே 40 கி.மீ. போனால் பிளசென்சியா. பட்டை உரித்த தக்கை மரத்தின் அடிப்பகுதி செம்மண் நிறத்தில் இருக்கும். ஒன்பது ஆண்டுக்கு ஒருமுறைதான் அதை மறுபடி உரிப்பார்கள். 1186-இல் எட்டாம் அல்போன்சோ நிறுவிய இந்நகரில் இரண்டு பேராலயங்கள் முதுகோடு முதுகாக ஒட்டி நிற்கின்றன. பழையதை இடித்துக்கொண்டே புதியதைக் கட்டி வந்தார்கள், பணி பாதியில் நின்றது, ஆகவே இரண்டும் அரைகுறையாக மிஞ்சின. செவ்வாயன்று வந்தால் முதன்மைச் சதுக்கத்தில் காய்கறிச் சந்தை கூடியிருக்கும். இடுப்பு வலிக்கிறதென்றால் இங்கே ஒரு நாள் ஓய்வெடுங்கள். வலிக்கவில்லையென்றால் மோன்ஃபிராகுவே தேசியப் பூங்காவுக்குப் போய்க் கழுகுகள் பாறைமுகட்டில் வட்டமிடுவதைப் பார்த்துத் திரும்பலாம். மார்ச் இறுதியிலும் ஏப்ரல் தொடக்கத்திலும் பக்கத்து ஹெர்தே பள்ளத்தாக்கில் செர்ரி மரங்கள் பூப்பதால் அறைகள் கிடைக்காது, முன்பதிவு செய்துவிடுங்கள்.

ஐந்தாம் நாள் எர்வாஸ், சுமார் 45 கி.மீ. வழியில் கப்பாரா என்ற ரோமானிய ஊரின் இடிபாடுகளுக்குச் சில கி.மீ. மேற்கே விலக வேண்டியிருக்கும். கால் தளர்ந்தாலும் இதைத் தவிர்க்காதீர்கள். நாற்புறமும் திறந்த வளைவுகள் கொண்ட கருங்கல் வாயில் ஒன்று புல்வெளியில் தனியே நிற்கிறது. ஸ்பெயினில் இவ்வகையில் மிஞ்சியது இது ஒன்றுதான். ரோமானியச் சாலை அதன் அடியில் புகுந்து மறுபுறம் வருகிறது, அதன் மேல்தான் இன்றும் நடைபயணிகள் போகிறார்கள். எர்வாஸில் கஷ்கொட்டை மரச்சட்டங்களுக்கிடையே மண்கல் அடைத்துக் கட்டிய வீடுகள் நிறைந்த யூதர் தெரு இருக்கிறது. 1492-இல் யூதர்கள் நாட்டை விட்டு வெளியேற்றப்பட்ட பின்னும் தெருவின் பெயர் அவர்களுடையதாகவே நிலைத்துவிட்டது.

கணவாய், பிறகு பீடபூமி

ஆறாம் நாள் பான்யோஸ் தே மொந்தேமயோர் வழியாகப் பேஹார் கணவாய்க்கு ஏற வேண்டும். பான்யோஸ் என்றால் குளியல். ரோமானியர் குளித்த வெந்நீரூற்று இன்றும் குளிக்கப் பயன்படுகிறது. அங்கிருந்து கணவாய் சில கி.மீ.தான், வளைந்து வளைந்து ஏறும். கடினம் என்று சொல்ல மாட்டேன். சின்ன கியரில் போட்டு, பேசிக்கொண்டே ஓட்டக்கூடிய வேகத்தில் ஏறினால் போதும். மூச்சு வாங்கிப் பேச்சு நின்றால் வேகம் கூடுதல் என்று பொருள். ஏற்றமே வேண்டாமென்பவர்களுக்கு, மாட்ரிதின் ஆட்சியாளர்கள் 1980-களில் மூடிவிட்ட ரயில்பாதையின் மேல் அமைத்த பசுமைவழி எர்வாஸிலிருந்து பேஹார் பக்கம் செல்கிறது. ரயிலுக்கென்று போட்ட பாதையாதலால் சரிவு மிகக் குறைவு. ஆனால் தளம் இறுக்கிய மண், மழைக்குப் பின் மெல்லிய டயருக்கு ஆகாது.

கணவாயோடு எஸ்த்ரமதுரா முடிந்து கஸ்தீல்யா தொடங்குகிறது. ஒரே நாளில் சட்டை ஒன்று கூடுதலாக வேண்டியிருக்கும். ஏப்ரலிலும் இங்கே காலைப்பொழுது கைவிரல்களை விறைக்க வைக்கும், முழு விரல் மூடும் கையுறையும் காற்றுத் தடுக்கும் சட்டையும் பையின் மேற்பக்கத்தில் இருக்கட்டும். இரவு தங்க வேண்டிய கிஹ்வேலோ சுமார் 1,000 மீட்டர் உயரத்தில் இருப்பது. குளிர்ந்த உலர்காற்றில் பன்றித் தொடையை மாதக்கணக்கில் தொங்கவிட்டுப் பதப்படுத்துவதே அவ்வூரின் தொழில். தெருவில் நுழைந்தாலே மணம் சொல்லிவிடும்.

சைவ உணவுக்காரர்கள் இங்கே மட்டுமன்றி வழி நெடுகிலும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இறைச்சி வேண்டாம் என்று சொன்னால் பலர் காதில் மாட்டிறைச்சி வேண்டாம் என்றே விழுகிறது. அவரையிலும் சூப்பிலும் 'ஹமோன்' என்னும் அந்தப் பன்றித் தொடைத் துணுக்குகள் இருக்கக்கூடும். 'சின் கார்னே, சின் ஹமோன், சின் பெஸ்காதோ' என்று மூன்றையும், அதாவது இறைச்சியும் ஹமோனும் மீனும் இல்லாமல் என்று, தனித்தனியாகச் சொல்லிவிடுங்கள். உருளைக்கிழங்கும் முட்டையும் சேர்த்துத் தட்டிய தொர்த்தியா எந்தப் பாரிலும் கிடைக்கும்.

தங்குவதற்கு 'ஓஸ்தால்' என்ற பலகை மாட்டிய எளிய விடுதிகளே போதும். சைக்கிளை எங்கே வைப்பது என்று அறை பதியும்போதே கேளுங்கள். பெரும்பாலும் கீழ்த்தளத்துச் சாமான் அறையைத் திறந்துவிடுவார்கள். ஸ்பெயினின் வடமேற்கிலுள்ள சாந்தியாகோ பேராலயத்துக்கு இவ்வழியே போகும் யாத்ரீகர்களுக்கான விடுதிகளும் உண்டு, யாத்ரீகர் அட்டை வைத்திருந்தால் சைக்கிள்காரர்களையும் சேர்ப்பார்கள். ஆனால் நடந்து வருகிறவர்களுக்கே முன்னுரிமை, மாலைவரை காத்திருக்கச் சொன்னால் கோபிக்கக் கூடாது.

கடைசி நாள் 50 கி.மீ., பெரும்பாலும் பீடபூமி, மொத்தத்தில் இறங்குமுகம். எதிர்காற்று அடித்தால் மட்டும் கணவாயைவிட இது களைப்பூட்டும், குனிந்து ஓட்டுங்கள். சலமான்காவுக்குள் புதிய பாலத்தின் வழியாக வாகனங்களோடு நுழையாமல், தோர்மெஸ் ஆற்றின் தென்கரையில் இறங்கி, நடந்து செல்வோருக்கு விட்டிருக்கும் பழைய பாலத்தைக் கேட்டு வாருங்கள். 26 வளைவுகளில் நீங்கள் முதலில் கடப்பவை பதினேழாம் நூற்றாண்டு வெள்ளத்துக்குப் பிறகு கட்டியவை. நகரை ஒட்டிய 15 வளைவுகள்தான் ரோமானியருடையவை. பாலத்தின் நகரப்பக்க முனையில் ரோமானியருக்கும் முந்திய, தலை போன கல் விலங்கு ஒன்று நிற்கும். அங்கே சைக்கிளைச் சாய்த்துவிட்டு, ஏற்கனவே பேசி வைத்த சைக்கிள் கடைக்குத் தொலைபேசியில் சொல்லுங்கள், திரும்பும் ரயிலுக்கான அட்டைப்பெட்டியை எடுத்து வைக்கும்படி. இரண்டு மணி ஆகியிருந்தால் ஐந்து மணிக்குப் பிறகுதான் எடுப்பார்கள்.